நானூற்றுப் பதினேழும் பதினொரு இறால்களும்

சாயப்பட்டறையில் அவரை எல்லோரும் 'ஃபெயில் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே. "ஃபெயில் அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "ஆச்சு, சாப்பாடு பாஸ்" என்பார்.

சாயம் ஏறி வந்த துணியும், வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துண்டும் ஒரே நிறம்தானா என்று பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. இருபத்து நான்கு வருடமாக அதேதான். பரிசோதனை அறையில் முன்பக்கம் திறந்த ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம் பூசியிருக்கும். மேலே நான்கு விளக்குகள், நான்கு சுவிட்சுகள்: பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள், ஊதா. துணியையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டுவார். வெயிலில் அண்ணன் தம்பியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டையும் காலரும் கடை விளக்கில் பங்காளிகளாகிப் பிரிந்து நிற்கும். அப்படிப் பிரிந்தால் ஃபெயில். மூட்டை திரும்பவும் சாயத் தொட்டிக்குப் போகும்.

அறைச் சுவர் சாம்பல். மேஜை சாம்பல். அக்கா போட்டுக்கொள்ளும் கோட்டும் சாம்பல். பக்கத்தில் பளிச்சென்று ஒரு நிறம் இருந்தால் அது துணிமேல் அடித்துக் கண்ணை ஏமாற்றிவிடுமாம். நகப்பூச்சுக்கூடக் கிடையாது. நாள் முழுக்க நிறத்தோடு குடித்தனம் நடத்துகிறவர், தான் மட்டும் மழைமேகம் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு விதி. எந்த பாஸ் சீட்டிலும் இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டாவது ஆள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அக்காவுக்குச் சாமி வந்துவிடும். "கண்ணு எதுக்கு இருக்கு? கண்ணாடி மாட்டவா?"

அவரை மூன்று வருடமாக ஒரு சிவப்பு படுத்திக்கொண்டிருந்தது. ஷேடு கார்டில், அதாவது நிறத்துக்கு ஒரு நூல் சுற்றி எண் போட்ட அட்டையில், அது நானூற்றுப் பதினேழு. நூலில் ஜம்மென்று இருக்கும். பருத்தித் துணியில் மட்டும் பிடிபடாது. சாய மாஸ்டர் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"மாஸ்டர், இதுல மஞ்சள் எட்டிப் பார்க்குது."

"எங்க எட்டிப் பார்க்குது? என் கண்ணுக்குத் தெரியலையே."

"அதனாலதான் நீங்க தொட்டிக்கிட்ட இருக்கீங்க, நான் பெட்டிக்கிட்ட இருக்கேன்."

இப்படி முப்பத்தோரு முறை ஃபெயில். முப்பத்திரண்டாவது முறைக்கு மாஸ்டர் வரவே இல்லை.

ஒரு நாள் மாலை, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார் அக்கா. எதிரே கலர்மீன் கடை. தினமும் பார்க்கிற கடைதான். அன்றைக்கு ஜன்னலோரத் தொட்டியில் ஏதோ ஒரு புள்ளி நகர்ந்தது. அக்கா தெருவைக் கடந்தார். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். நகத்தளவு நன்னீர் இறால்கள், ஒரு இருபது முப்பது, கறுப்பு மணல்மேல் குடுகுடுவென்று எதையோ பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. சிவப்பு. மஞ்சள் எட்டிப் பார்க்காத, ஊதா ஒட்டாத, சுத்தமான சிவப்பு. பைக்குள் கையை விட்டு ஷேடு கார்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார்.

பட்டறையில் மூன்று வருடமாகப் பிடிபடாத நானூற்றுப் பதினேழு, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பத்துக் காலோடு நடந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் வெளியே வந்தார். நல்ல உயரம், தோளில் ஒரு ஈரத் துண்டு. "என்ன மேடம் பார்க்கறீங்க?"

"இது சாயம் போகுமா?"

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "மேடம், இது உசுரு. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்க மாட்டீங்கல்ல?"

இறாலை உடனே கையில் கொடுக்க மறுத்துவிட்டார் அவர். முதலில் தொட்டி, மணல், செடி, தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு. எல்லாவற்றையும் வைத்து ஒரு மாதம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும், அதற்குப் பிறகுதான் இறால். அக்கா சம்மதித்தார். ஆனால் மணல் எடுக்கும்போது கடைக்காரர் கறுப்பை நீட்ட, அக்காவின் கை வெளிர்சாம்பலுக்குப் போனது.

"நிறம் பார்க்கற இடம் சாம்பலாத்தான் இருக்கணும்."

"இல்ல மேடம், இறாலுக்கு என்னன்னா..."

பஸ் வந்துவிட்டது.

வீட்டில் கூடத்து மூலையில் தொட்டி ஏறியது. இருபது லிட்டர், ஒரு ரொட்டிப் பெட்டி அளவு. பின்பக்கம் சாம்பல் அட்டை, அடியில் சாம்பல் மணல். பட்டறைப் பெட்டிக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து வார்த்தையில் சொல்வதை இரண்டு வார்த்தையில் சொல்கிறவர். பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த பித்தளைத் தகட்டைத் தொட்டி வைத்த பலகையில் திருகினார்: 'அதிகபட்சம் 8 பேர்.'

மாடியில் குடியிருக்கும் நாத்தனார், கணவரின் தங்கை, மணப்பெண்களுக்கும் மேடையேறுகிறவர்களுக்கும் மேக்கப் போடுபவர். அந்த ஒரு மாதமும் படியிறங்கி வரும்போதெல்லாம் அதே கேள்வி.

"அண்ணி, தொட்டி இருக்கு, தண்ணி இருக்கு. உள்ள இருக்கறவங்க எங்க, வெளியூரா?"

"வருவாங்க."

"கிளம்பிட்டாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க."

ஒருவழியாகப் பதினொன்று வந்து சேர்ந்தன. கணவர் எண்ணிப் பார்த்துத் தகட்டைக் காட்டினார். "மூணு பேரு இறங்கணும்." அக்கா சிரிக்கவில்லை. அவர் தொட்டிக்குமேல் டியூப்லைட் வெளிச்சம் விழும்படி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷேடு கார்டை எடுத்து வைத்தார். நானூற்றுப் பதினேழுக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஏதோ ஒன்று நடந்து போனது.

"என்னங்க, இது நான் வாங்கினது இல்ல."

"மாத்திட்டானா?"

"பதினொண்ணையுமா மாத்துவான்?"

மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் நிதானமாகத் தன் தொட்டிமேல் தொங்கிய விளக்கைக் காட்டினார். செடி வளர்க்கிற விளக்கு, லேசாக ரோஜா நிறம் அடித்தது. "இந்த வெளிச்சத்துல செவப்பு தூக்கும் மேடம். வேணும்னா இதே விளக்கு ஒண்ணு தரேன்."

"பொய் லைட்டு."

"அழகாத்தானே இருக்கு?"

"பொய் அழகாத்தான் இருக்கும்."

விளக்கு மாறினால் நிறம் மாறும் என்பது அக்கா கரைத்துக் குடித்த விஷயம். அப்படியானால் சரியான விளக்கைக் கண்டுபிடித்தால் முடிந்தது. அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தார்.

முதலில் மஞ்சள் பல்பு. இறால்கள் கேரட் துருவல் மாதிரி ஆகின. ஃபெயில்.

அடுத்து கணவர் லிஃப்ட் கூரையில் மாட்டும் விளக்கைக் கொண்டுவந்து பொருத்தினார். வெள்ளை வெளேரென்று எரிந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். விளக்கு அணைந்தது.

"என்னண்ணே, கரண்டு போச்சா?"

"ஆள் இல்லைன்னா அணைஞ்சிடும். லிஃப்ட் லைட்டு அப்படித்தான். அசைஞ்சா எரியும்."

"உள்ள பதினோரு பேரு அசையறாங்களே!"

"அவங்க சைஸு பத்தாது."

ஆக, விளக்கு எரிய வேண்டுமென்றால் தொட்டிக்கு முன்னால் யாராவது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நாத்தனார் சளைக்கவில்லை. இடுப்பில் கை வைத்து ஆட ஆரம்பித்தார். கணவர் ஸ்க்ரூ டிரைவரை விசிறி மாதிரி வீசினார். இவர்கள் நடுவில் அக்கா ஒரு கையில் கார்டும் மறுகையில் மூக்குக்கண்ணாடியுமாக, "இன்னும் கொஞ்சம் ஆடு, இன்னும் கொஞ்சம் ஆடு, நானூத்திப் பத்தா இது?" என்று கத்திக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். இறால்கள் பதினொன்றும் ஸ்பாஞ்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. ஃபெயில்.

பிறகு நாத்தனாரின் வளைய விளக்கு. நடுவில் போனை வைத்துப் படம் எடுப்பார்களே, அது. "என் லைட்டுல ஃபெயிலான முகமே கிடையாது" என்று சபதம் போட்டுக் கொண்டுவந்தார். ஒரே ஒரு இறால் வெளியே வந்து நின்றது. அதன் இரண்டு கண்ணிலும் குட்டி வளையம் மின்னியது.

"பாருங்க அண்ணி, போஸு கொடுக்குது! கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புடி ராசாத்தி!"

நிறம் என்னவோ நனைந்த செங்கல்தான்.

கடைசியாகப் பட்டறைக் கிடங்கிலிருந்து ஒரு பழைய பகல் விளக்கை அனுமதி வாங்கிக் கொண்டுவந்தார் அக்கா. பெட்டியில் குறிப்பிட்ட மணிநேரம் எரிந்ததும் அதை மாற்றிவிடுவார்கள். வீட்டு உபயோகத்துக்கு அது இன்னும் சூரியன்தான். அதை முழுசாக, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் எரியவிட்டார். உண்மையான வெளிச்சத்தில் உண்மையான நிறம் தெரிந்தே ஆக வேண்டும் அல்லவா?

முதல் நாள் இறால்கள் வெளிறிய ரோஜா நிறம். அடுத்த நாள் காலை கொஞ்சம் சிவப்பு. அன்று மாலை கண்ணாடி மாதிரி, உள்ளே என்ன தின்றது என்றுகூடத் தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் மறுபடியும் ரோஜா. இதற்கிடையில் தொட்டிச் சுவரில் பச்சைப் பாசி வேறு படர ஆரம்பித்தது. சிவப்பைத் தேடப்போய்ப் பச்சையை வளர்த்துவிட்டார்.

இங்கேதான் அக்கா உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்.

அவர் கணக்கு எளிமையானது. பொருள் அதே பொருள். விளக்கு அதே விளக்கு. பின்னால் அதே சாம்பல். அப்படியிருக்கக் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் என்றால் எது மாறுகிறது? இருபத்து நான்கு வருடத்தில் ஒரு துணி அப்படிச் செய்ததில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான். கண்.

அடுத்த வியாழக்கிழமை வருடாந்தரக் கண் சோதனை. நிறம் பார்க்கிற எல்லோருக்கும் உண்டு. நான்கு தட்டுகளில் எண்பத்தைந்து நிறச் சில்லுகளைக் கலைத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மயிரிழை வித்தியாசம். வரிசையாக அடுக்க வேண்டும். அக்கா இதுவரை ஒரு சில்லுகூட மாற்றி வைத்ததில்லை. ஆனால் போன வருடம் இரண்டாவது கையெழுத்துப் போட்டுவந்தவர், எல்லாவற்றையும் பாஸ் செய்வதால் 'பாஸ் அண்ணன்' என்று பெயர் எடுத்தவர், அடுக்கும்போது பச்சையையும் நீலத்தையும் குழப்பிவிட்டார். கண்ணில் புரை. அறுவை முடிந்த பிறகும் பழைய இடத்துக்கு வரவில்லை. இப்போது அட்டைப்பெட்டிப் பகுதியில் டேப் ஒட்டுகிறார். அங்கே எல்லாமே பழுப்பு. எதையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

"நல்ல வேலைதான் அக்கா. நிம்மதி" என்பார் அவர். சொல்லும்போது அக்காவின் சாம்பல் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை மாலை நாத்தனார் மேக்கப் பெட்டியோடு படியேறப் போனவர், கூடத்தை எட்டிப் பார்த்தார். அக்கா பகல் விளக்குக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் ஷேடு கார்டு. வலது கண்ணை மூடிப் பார்த்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தார். கன்னம் நனைந்திருந்தது.

நாத்தனார் பெட்டியைக் கீழே வைத்தார். "அண்ணி, என்னாச்சு? யாராவது செத்துட்டாங்களா?" தொட்டியை எண்ணினார். "பதினொண்ணும் இருக்கே."

"கண்ணு போச்சு."

"யாருக்கு, இதுங்களுக்கா?"

"எனக்கு. நாளைக்குச் சோதனை. காலையில செவப்பா இருந்தது இப்ப வெள்ளையாத் தெரியுது. அதே லைட்டு. அதே இறாலு. இனிமே நானும் டேப் ஒட்டத்தான் போகணும்."

நாத்தனார் அண்ணியையும் பார்த்தார், தொட்டியையும் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் இரண்டுமே வெளுத்துத்தான் இருந்தன. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை.

"சிரிக்காதடி!"

"அண்ணி, நான் மேக்கப் போடற பொண்ணுங்க மணமேடை ஏறும்போது பார்த்திருக்கீங்களா? வீட்டுல கன்னம் ஆப்பிள் மாதிரி இருக்கும். மேடையில லைட்டைப் போட்டு முந்நூறு பேரு உத்துப் பார்த்தா, பவுடர் போடாமலே வெள்ளை. நான் ரெண்டு தடவை கூடுதலா சிவப்பு பூசுவேன், அதையும் மீறி வெள்ளை. பயம். வேற ஒண்ணுமில்ல."

"பயமா? துணி பயப்படுமா?"

"இது துணியா?"

அக்கா மடியிலிருந்த ஷேடு கார்டைக் கவிழ்த்து வைத்தார்.

நாத்தனார் பகல் விளக்கைப் பட்டென்று அணைத்தார். முகத்துக்கு மேக்கப் போடும்போது கழுத்தில் கட்டுகிற பெரிய கறுப்புத் துணியைப் பெட்டியிலிருந்து உருவி, தொட்டியின் பின்னாலும் பக்கங்களிலும் சுற்றி, முன்பக்கமும் திரை மாதிரி இறக்கிவிட்டார். "இன்னிக்கு யாரும் யாரையும் உத்துப் பார்க்க வேணாம். அதுங்களும் தூங்கட்டும், நீங்களும் போய்ப் படுங்க."

வியாழன் காலை ஏழரைக்கு அக்கா கோட்டை மடித்துப் பையில் வைத்தார். தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். செருப்பைப் போட்டார். செருப்பைக் கழற்றினார். போய்த் துணியின் முன்மடிப்பை இரண்டு விரலால் தூக்கினார்.

விளக்கு இல்லை. ஜன்னல் திரை வழியாக மெல்லிய காலை வெளிச்சம் மட்டும். கறுப்பு ஸ்பாஞ்சின்மேல் ஏழு இறால்கள் வரிசையாக உட்கார்ந்து, முன்கால்களால் வாய்க்கு எதையோ ஊட்டிக்கொண்டிருந்தன. நானூற்றுப் பதினேழு. அப்பட்டமான, பொய்யில்லாத நானூற்றுப் பதினேழு. கீழே சாம்பல் மணலில் இரண்டு இறால்கள். அவை வெளிறிய ரோஜா.

அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஒரே தொட்டி. ஒரே வெளிச்சம். ஒரே நேரம். அதே இரண்டு கண்கள். கறுப்பில் நிற்பவை சிவப்பு, சாம்பலில் நிற்பவை வெளுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவருக்கு, இறால்களே பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டின.

"என்னங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கணவர் பல்துலக்கும் பிரஷோடு ஓடி வந்தார். மாடியிலிருந்து நாத்தனார் ஒரு கண்ணில் மட்டும் மையோடு இறங்கி வந்தார்.

"இதுங்களேதான் மாறுதுங்க! என் கண்ணு இல்ல! கீழ வெளிச்சமான தரை, மேல சூரியன் மாதிரி லைட்டு. ஒளிய இடமில்லாம வெளுத்துப் போகுதுங்க! நான் பார்க்கப் பார்க்க வெளுக்குது! வெளுக்க வெளுக்க நான் இன்னும் லைட்டு போட்டேன்!"

"நான் நேத்தே சொல்லல?" என்றார் நாத்தனார்.

"நீ சொன்ன. நான் பார்த்தேன். ரெண்டு கையெழுத்தும் ஆச்சு!" அக்கா நாத்தனாரைக் கட்டிப்பிடித்ததில் அந்த ஒரு கண் மையும் கன்னத்துக்கு வந்துவிட்டது. கணவர் பிரஷை வாயிலிருந்து எடுத்து, "பஸ்ஸு" என்றார்.

அன்றைக்குச் சோதனை அறைக்குள் அக்கா நுழைந்த விதத்தைப் பார்த்து லேப் மேனேஜர் சந்தேகப்பட்டார். எப்போதும் உர்ரென்று வருகிறவர் பல் தெரிய வந்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு சார். சில்லைக் கொடுங்க."

முதல் தட்டை அடுக்கினார். இரண்டாவது. மூன்றாவது. விரல்கள் பியானோ வாசிப்பதுபோல ஓடின. நான்காவது தட்டில், சிவப்பு இருக்கும் பக்கத்தில் கை நின்றது. இரண்டு சில்லுகள். எது முன்னால், எது பின்னால்? ஒரு நொடி பழைய பயம் எட்டிப் பார்த்தது. அக்கா முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார், உற்றுப் பார்ப்பதை நிறுத்தினார், சும்மா பார்த்தார். இடதுபக்கச் சில்லில் ஒரு துளி மஞ்சள் எட்டிப் பார்த்தது. அதை எடுத்து முன்னால் வைத்தார்.

மேனேஜர் தட்டுகளைக் கவிழ்த்து, அடியில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் வேகமாகப் படிக்கும் ஆள் இல்லை. அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் போலத்தான்" என்றார் அவர். "தப்பு பூஜ்யம்."

ஃபெயில் அக்கா வாய்விட்டுச் சிரித்தார் என்பது பட்டறையில் அன்றைய தலைப்புச் செய்தி. சாயத் தொட்டிவரை கேட்டதாம். பாஸ் அண்ணன் கையில் ஒட்டிய டேப்போடு ஓடி வந்தார்.

"அக்கா, பாஸா?"

"பாஸ் அண்ணே!"

"உங்க வாயிலேர்ந்து அந்த வார்த்தை வர இத்தனை வருஷம் ஆச்சு பாருங்க."

சனிக்கிழமை மூன்று பேருமாகக் கடைக்குப் போனார்கள். இந்த முறை பஸ் வந்தாலும் போகட்டும் என்று அக்கா கடைக்காரரை முழுசாகப் பேசவிட்டார். கறுப்பு மணல். தண்ணீர்மேல் மிதக்கிற இலைச்செடி ஒரு கைப்பிடி. நாளைக்கு ஆறு மணி நேரம் வெளிச்சம் போதும், அதிகமானால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். விளக்கு சின்னதாக, கூட்டிக் குறைக்கிற திருகோடு இருந்தால் நல்லது. "இதத்தான் மேடம் அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றார் அவர், ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

தொட்டி விளிம்பில் கவ்வி நிற்கும் ஒரு குட்டி விளக்கு வாங்கினார்கள். மணலை மாற்றிவிட்டு, இறால்களை இரண்டு நாள் சும்மா விட்டார்கள். அதற்குப் பிறகு மாலையில் விளக்குச் சோதனை. ஷேடு கார்டு மேஜை டிராயரிலேயே இருந்தது. அக்கா புது அளவுகோல் ஒன்று வைத்திருந்தார்: பதினொன்றில் எத்தனை பேர் வெளியே வருகிறார்கள்?

திருகு முழுசாக. கால் மணி நேரம் காத்திருந்தார்கள். இரண்டு பேர்.

முக்கால். நான்கு பேர், அதிலும் ஒருவர் அரைமனதாக.

பாதி. ஒன்பது.

பாதியோடு, மிதக்கும் செடியை விளக்குக்கு நேர்கீழே தள்ளிவிட்டார் அக்கா. வெளிச்சம் மரத்தடி நிழல் மாதிரி துண்டு துண்டாக விழுந்தது. ஸ்பாஞ்சுக்குப் பின்னாலிருந்து ஒன்று. செடி வேரிலிருந்து ஒன்று.

"பதினொண்ணு!" நாத்தனார் கத்திவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டார். "பயந்துடப் போகுதுங்க."

எல்லாம் சிவப்பு. மூன்று வருடம், முப்பத்தோரு ஃபெயில், ஐந்து விளக்கு. கணவர் லிஃப்டிலிருந்து எடுத்த ஒரு டைமரை இணைத்து, மாலை நான்கு மணிக்கு எரிந்து பத்து மணிக்கு அணையும்படி வைத்தார். அசைந்தால் எரிகிற சமாச்சாரம் இல்லாதது என்று அக்கா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பிறகு பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஒரு வெற்று பாஸ் சீட்டை எடுத்து நிரப்பினார். பொருள்: இறால், 11. தரை: கறுப்பு. விளக்கு: பாதி, நிழலோடு, ஆறு மணி நேரம். நிறம்: 417. முடிவு: பாஸ். கீழே கையெழுத்துப் போட்டு நாத்தனாரிடம் நீட்டினார்.

நாத்தனார் போனில் யாரோ ஒரு மணப்பெண்ணின் அம்மாவிடம் பேசிக்கொண்டே பேனாவை வாங்கிக் கிறுக்கப் போனார்.

"பார்க்காம போடாத!"

"அண்ணி, பதினஞ்சு நாளா இதுங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"கண்ணு எதுக்கு இருக்கு? மை போடவா?"

நாத்தனார் போனை வைத்துவிட்டு, பெரிய அதிகாரி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவதில் நின்றார். நெற்றி சுருங்கியது.

"இது ஃபெயில்."

"என்னது?"

"கறை இருக்கு. வயித்துக்கு அடியில. மஞ்சளா, புள்ளி புள்ளியா. பாருங்க, இது பெரிய செவப்பம்மா, நல்லா முதுகெல்லாம் மின்னுது. அடியில மட்டும் கறை."

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். முதுகின் சிவப்பை மட்டும் இத்தனை நாள் அளந்துகொண்டிருந்தவர், முதல் தடவையாக அடியில் பார்த்தார். இறால் சின்னஞ்சிறு கால்களால் அந்த மஞ்சள் குவியலுக்கு விசிறிக்கொண்டிருந்தது, விடாமல், பொறுமையாக. கறைக்கு யாராவது விசிறுவார்களா?

கணவர் கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அக்கா விவரம் சொல்லச் சொல்ல எதிர்முனையில் சிரிப்பு கேட்டது.

"கறையா? மேடம், அது முட்டை. அவங்களுக்கு இடம் பிடிச்சிருக்கு, அதான். இன்னும் மூணு நாலு வாரத்துல குட்டி வரும்."

"எத்தனை?"

"இருபது வரும், முப்பதும் வரும். எண்ணிக்கிட்டே இருங்க."

நாத்தனார் அண்ணியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். அக்கா, சாம்பல் கோட்டு அக்கா, ஃபெயில் அக்கா, அவரும் குதித்தார். தண்ணீர் தளும்பியது. பதினொன்றும் ஒரு கணம் நின்று, பரவாயில்லை என்று மறுபடி மேய ஆரம்பித்தன. நிறம் ஒரு துளி மாறவில்லை.

கணவர் உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, தரையில் மண்டியிட்டு, 'அதிகபட்சம் 8 பேர்' தகட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.